புலி அடித்ததா, புலிக்காரன் அடித்தானா?

இரண்டு பேர் மோதுகிறார்கள். ஒருவன் கையில் வாள். இன்னொருவன் வெறுங்கையோடு நிற்கிறான். ஆனால், அவன் பின்னால் ஒரு டிராகன்!

இது நியாயமான சண்டையா? ஆன்லைன் விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களை இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகப் பாடாய்ப்படுத்தும் கேள்வி இது.

1997 செப்டம்பரில் அமெரிக்காவின் ஒரிஜின் நிறுவனம் 'அல்டிமா ஆன்லைன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் உலவலாம். ஒருவரையொருவர் போட்டுத்தள்ளவும் செய்யலாம். அதில் மிருகங்களைப் பழக்கும் வித்தை ஒன்று உண்டு. லேசில் கைவராது. வந்துவிட்டால், டிராகன்கூட நாய்க்குட்டி மாதிரி பின்னால் வரும். அப்புறமென்ன... 'ஆல் கில்' என்று கீபோர்டில் தட்டினால் போதும். மிச்சத்தை டிராகன் பார்த்துக்கொள்ளும்!

ஒரே ஆள் நாலைந்து டிராகன்களோடு வந்து நின்றால் வாள்காரன் கதி? அதோகதிதான். அதனால் பின்னாளில் ரேஷன் போட்டார்கள். ஓர் ஆளுக்கு மொத்தம் 5 இடம். டிராகன் ஒன்றே 3 இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆக, இரண்டு டிராகன் கிடையாது.

பிரச்னை தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று பிடிபடும். மிருகம் ஒரு சொத்து. அதன் மதிப்பை எஜமானின் பலத்தில் கழித்தால்தான் கணக்கு டாலி ஆகும். கழித்தாயிற்றா? எதிராளி முதல் வேலையாக மிருகத்தைத் தீர்த்துக்கட்டுவான். மிஞ்சுவது அரை ஆள். கழிக்காமல் விட்டாலோ, எஜமான் ஒன்றரை ஆள்!

2004 நவம்பரில் பிளிஸார்டு நிறுவனம் கொண்டுவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' இதே சேற்றில் காலை விட்டது. அதில் 'ஹன்டர்' என்ற வேட்டைக்காரன் உண்டு. பேட்லேண்ட்ஸ் பகுதியில் 'ப்ரோக்கன் டூத்' என்று ஒரு பூனை இனத்து மிருகம், எப்போதாவது தலைகாட்டும். அதைப் பிடிக்க ஹன்டர்கள் தவம் கிடந்தார்கள். ஏன்? வினாடிக்கு ஓர் அடி! ஒவ்வோர் அடிக்கும் எதிரியின் மந்திரம் தடைபட்டுத் தாமதமாகும். மந்திரவாதி வாயைத் திறக்கவே முடியாது. பிற்பாடு எல்லா மிருகங்களின் வேகத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

2007 ஜனவரியில் 'பர்னிங் க்ருஸேட்' வந்தது. இதில் மிருகம் 18 வினாடி வெறிகொண்டு சிவந்தால், கூடவே எஜமானும் சிவப்பான். அந்த நேரத்தில் இருவரையும் பயமுறுத்தவோ மயக்கவோ முடியாது. எதிராளிகள் கொதித்துப்போனார்கள். இன்னொரு பக்கம், மனிதர்கள் தரும் அடியைத் தாங்க 'ரெஸிலியன்ஸ்' கவசங்களும் வந்தன. எஜமான் மாட்டிக்கொள்ளலாம். புலிக்கு யார் சட்டை தைப்பது? எஜமானின் தாங்கும் சக்தியை மிருகத்தின் கணக்கிலும் வரவு வைத்தது, பிறகு வந்த திருத்தம்.

2025 பிப்ரவரியில் ஒரேயடியாக ஒரு வெட்டு. குறிபார்த்துச் சுடும் ஹன்டர் பிரிவின் வழக்கமான ஆட்டத்திலிருந்து மிருகத்தைப் பிரித்துவிட்டார்கள். பதிலுக்கு, இலக்கை அடையாளம் காட்ட ஒரு கழுகு. மிருகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன.

இத்தனை வருடம் மாற்றி மாற்றிப் போட்ட கணக்கில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எண்களைச் சமமாக்கினால் மட்டும் நியாயம் வந்துவிடாது. தன்னைவிடக் கெட்டிக்காரனிடம் தோற்றால் மனுஷன் பொறுத்துக்கொள்வான். கைகட்டி நின்றவனின் புலியிடம் தோற்றால்? அதைத்தான் அவனால் ஜீரணிக்க முடிவதில்லை.