வோல்கா வானில் இப்னு ஃபள்லான் கண்ட செவ்வொளி

ஹிஜ்ரி 309, ஸஃபர் மாதம் 11ஆம் நாள் (கி.பி. 921 ஜூன் 21) அப்பாஸிய்ய கலீஃபா அல்-முக்ததிர் பில்லாஹ்வின் தூதுக்குழு ஒன்று பக்தாதிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டது. வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்கார் மக்களின் மன்னர் அல்மிஷ், மார்க்கம் கற்பிக்க ஓர் அறிஞரையும், பள்ளிவாசலும் கோட்டையும் கட்டுவதற்கு உதவியையும் கேட்டு எழுதியிருந்தார். அக்குழுவில் சென்ற அஹ்மத் இப்னு ஃபள்லான், புகாரா, குவாரஸ்ம் வழியாகக் கடுங்குளிரைக் கடந்து, 310 முஹர்ரம் 12இல் (922 மே 12) மன்னரின் பாசறையை அடைந்தார். கோட்டைக்கென வாக்களிக்கப்பட்ட 4000 தீனார்கள் மட்டும் வந்து சேரவில்லை. அதனால் அவர் மன்னரிடம் பட்ட பாடு தனிக்கதை.

அந்நாட்டில் தங்கிய முதல் இரவிலேயே அவர் கண்ட காட்சிதான் நம் கவனத்துக்குரியது. அடிவானம் கடுஞ்சிவப்பாக மாறியது. வானிலிருந்து பேரிரைச்சல் கேட்டது. தலை நிமிர்ந்தபோது நெருப்பு நிறத்தில் ஒரு மேகம். அதனுள் குதிரைகளும், வாளும் ஈட்டியும் ஏந்திய மனிதர்களும் போன்ற உருவங்கள். எதிரே இன்னொரு படை. இரண்டும் மோதின, கலந்தன, பிரிந்தன. தூதுக்குழுவினர் அஞ்சி இறைவனிடம் இறைஞ்சத் தொடங்கினர். ஊர்மக்களோ அவர்களைப் பார்த்துச் சிரித்தனர்! இவர்கள் ஜின்களில் இறைநம்பிக்கை கொண்டோரும் மறுப்போரும் என்றும், ஒவ்வொரு மாலையும் போரிடுகின்றனர் என்றும் தம் முன்னோர் சொல்வதாக மன்னர் விளக்கினார்.

இங்கே இப்னு ஃபள்லானின் நேர்மையைக் குறிப்பிட்டாக வேண்டும். கலீஃபாவின் தூதர் என்ற மிடுக்கில், தாம் நகைப்புக்கு ஆளானதை அவர் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. மன்னரின் விளக்கத்தையும் மன்னரின் கூற்றாகவே பதிந்தார். தம் முடிவாக ஆக்கிக்கொள்ளவில்லை. இந்த வேறுபாட்டை மறந்து, அவரை மூடநம்பிக்கையாளர் என்று எள்ளுவோரும் உளர். துருவ ஒளியை முதலில் கண்டறிந்தவர் என்று பெருமை பேசுவோரும் உளர். இரண்டும் பிழை. கி.மு. 567ஆம் ஆண்டின் பாபிலோனியக் களிமண் பலகையிலேயே இரவு வானின் செந்நிற ஒளி பதிவாகியுள்ளது.

இன்றைய அறிவியல் இக்காட்சியை எவ்வாறு விளக்குகிறது? சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் இடையறாது வீசுகின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்து விலக்குகிறது. ஆயினும் இரவுப் பக்கத்தில் வால்போல் நீண்டு கிடக்கும் அப்புலத்தில் தேங்கும் ஆற்றல் விடுபடும்போது, எலக்ட்ரான்கள் முடுக்கப்பட்டு, காந்தக் கோடுகளின் வழியே துருவப் பகுதிகளில் பாய்ந்து வளிமண்டலத்தைத் தாக்குகின்றன. ஏறத்தாழ 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்ஸிஜன் பச்சையாக ஒளிர்கிறது. 200 கிலோமீட்டருக்கு மேல் அதுவே சிவப்பாக ஒளிர்கிறது. நைட்ரஜன் நீலமும் ஊதாவும் தரும்.

காந்தத் துருவத்தைச் சூழ்ந்த ஒரு வளையத்திலேயே இவ்வொளி வழக்கமாகத் தோன்றும். நார்வேயின் ட்ரோம்சோ, ஐஸ்லாந்து, ரஷ்யாவின் முர்மான்ஸ்க், அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸ் ஆகியவை அவ்வளையத்தில் அமைந்தவை. தெற்கே அண்டார்டிக்காவிலும், சில வேளைகளில் டாஸ்மேனியாவிலும் தெரியும். சூரியப் புயல் கடுமையானால் வளையம் விரியும்: 1859 செப்டம்பரில் கியூபா வரை தெரிந்தது, 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராவிலும் செவ்வொளி பதிவானது. தொலைவிலிருந்து காண்போருக்கு ஒளித்திரையின் உயர்ந்த மேற்பகுதி மட்டுமே அடிவானுக்கு மேல் தெரிவதால் அது செந்நிறமாகவே தோன்றும். பல்கார் நாடு ஏறத்தாழ 55 பாகை வட அட்சத்தில், இன்றைய தாதாரிஸ்தானில் உள்ளது. அங்கு நின்றவர் பச்சையைச் சொல்லாமல் சிவப்பைச் சொன்னது பொருத்தமே.

எனினும் ஒரு முடிச்சு உண்டு. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் அதைக் கண்டதாக ரிஸாலா கூறுகிறது. பகலொளியில் துருவ ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இதை ஐயத்துக்கிடமற்ற துருவ ஒளிப் பதிவு என்று நான் கூறமாட்டேன். நேரக் குறிப்பில் நினைவோ ஏடெழுதியவரின் கையோ தடுமாறியிருக்கக் கூடும் என்பதே என் எண்ணம். ஒலி பற்றிய செய்தியை முன்பு பலர் கற்பனை என ஒதுக்கினர். ஆனால் 2012இல் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், துருவ ஒளி வேளைகளில் தரையிலிருந்து சுமார் 70 மீட்டர் உயரத்தில் எழும் மெல்லிய வெடிப்பொலிகளைப் பதிவுசெய்ததாக அறிவித்தனர். போர்க்களப் பேரிரைச்சலுக்கும் அதற்கும் தூரம் அதிகம்தான்.

அந்நாட்டின் வானம் அவருக்கு வைத்த மற்றொரு சோதனை, தொழுகை நேரம். பக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவருடன் கூடாரத்தில் இஷா பாங்கை எதிர்பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பாங்கு ஒலித்தது, வெளியே வந்தால் விடிந்திருந்தது! இஷாவை மஃரிபுடன் சேர்த்தே தொழுவதாக முஅத்தின் கூறினார். சுப்ஹு தவறிவிடுமோ என்ற அச்சத்தில் தாம் ஒரு மாதமாக இரவில் உறங்கவில்லை என்றும், மஃரிப் வேளையில் அடுப்பிலேற்றிய பானை சுப்ஹு வரை வேகாது என்றும் சொன்னார். ஸ்காண்டிநேவியாவில் குடியேறிய முஸ்லிம்கள் கோடைதோறும் எதிர்கொள்ளும் கேள்விக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நடைமுறைப் பதிவு இது.

இந்நூல் நெடுங்காலம் யாகூத் அல்-ஹமவீ தம் முஃஜமுல் புல்தானில் எடுத்தாண்ட பகுதிகள் வாயிலாகவே பெரிதும் அறியப்பட்டிருந்தது. 1923இல் ஜெகி வலீதி தோகன் மஷ்ஹதில் இதன் விரிவான கையெழுத்துப் படியைக் கண்டெடுத்தார். 1999இல் வந்த ஹாலிவுட் படத்தால் இப்னு ஃபள்லானை அறிந்தவர்களே இன்று மிகுதி. அப்படத்தின் வீரதீரங்களில் பெரும்பகுதி ரிஸாலாவில் இல்லை. மஷ்ஹத் படியும் கஸர்களைப் பற்றிய பகுதியோடு இறுதி ஏடுகளின்றி நின்றுவிடுகிறது. அவர் பக்தாத் திரும்பிய பயணத்தின் வரலாறு அந்த ஏடுகளோடு போயிற்று.