கணையாழி: ஆடவர் மோதிரமும் அதன் பொருளும்

‘குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும்’ என்பது தமிழர் நாவில் வழங்கும் பழமொழி. இதில் மோதிரம் அழகைக் குறிக்கவில்லை. அணிந்தவரின் தகுதியைக் குறிக்கிறது. பெண்டிர் அணிந்த மோதிரங்களை நம் இலக்கியம் அழகு நோக்கிப் பேசியுள்ளது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவியின் மோதிரங்களுள் வாளைமீனின் பிளந்த வாயைப் போன்ற ஒன்றையும் காட்டுகிறது. ஆடவர் மோதிரமோ பெரும்பாலும் ஒரு பெயரையோ, கடமையையோ, பிணைப்பையோ தாங்கி வந்துள்ளது.

பெயர் தாங்கிய மோதிரம்

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில், தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆள்பெயர் பொறித்த மோதிரங்கள் கிடைத்துள்ளன. முத்திரை மோதிரத்தில் எழுத்துகளை இடவலம் மாற்றிப் பொறிப்பர். மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தினால் பெயர் நேராகத் தெரியும். அணிந்தவர் அங்கு இல்லாதபோதும் அவர் சொல் அங்கு நிற்கும் என்பதே அதன் பயன்.

இராமன் அனுமனிடம் கொடுத்தனுப்பிய கணையாழியும் இத்தகையதே. கம்பரின் சுந்தர காண்டத்து உருக்காட்டு படலத்தில், அக்கணையாழியைக் கண்ட சீதை தூதனை ஐயுறாது ஏற்கிறாள். இதற்கு மறுதலையான நிகழ்ச்சி வடமொழியின் முத்திராராட்சசத்தில் வருகிறது. அமைச்சன் இராட்சசனின் முத்திரை மோதிரம் சாணக்கியன் கையில் சிக்க, அதைக்கொண்டே பொய்யோலை ஒன்று உருவாகிறது. மோதிரம் கைமாறினால் மானமும் கைமாறும் என்பதை இந்நாடகம் உணர்த்துகிறது.

கடமையின் முடிச்சு

மயிலாப்பூரில் அமாவாசை நாளில் நீத்தார்க்குத் தர்ப்பணம் செய்வோர் தருப்பைப் புல்லால் முடிந்த பவித்திரத்தை மோதிர விரலில் அணிவர். நீத்தார் கடனுக்கு மூன்று புல், மங்கல வினைக்கு இரண்டு, இறப்புச் சடங்கிற்கு ஒன்று என்பது மரபு. வினை முடிந்ததும் முடிச்சை அவிழ்த்துப் புல்லை நீக்கிவிடுவர். விலையற்ற இப்புல் மோதிரம் அணிந்தவரைக் கடமைக்கு உரியவராக்கி, அக்கடமை முடிந்ததும் மறைந்துவிடுகிறது. கேரளத்தின் பையன்னூரில் இம்முடிச்சையே பொன்னில் வடிக்கின்றனர். அப்பவித்திர மோதிரம் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

பின்னிய இழை மோதிரம் மேலை நாடுகளிலும் உண்டு. ‘கெல்டிக்’ மோதிரம் எனப்படும் அயர்லாந்து வகையின் முடிச்சு வடிவங்கள், கி.பி. 800-ஐ ஒட்டி எழுதப்பெற்ற கெல்சு ஏட்டின் ஓவியங்களை நினைவூட்டுவன. முதலும் முடிவும் அற்ற அவ்விழை நிலைபேற்றைக் குறிக்கும் என்பது பிற்காலத்தார் தந்த விளக்கமேயாகும். மயிலாப்பூர் மாட வீதிகளில் புள்ளிகளைச் சுற்றிவரும் சிக்குக் கோலத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு அவ்வடிவம் அயலாகத் தோன்றாது. இரண்டும் தனித்தனியே தோன்றியவை; ஆயினும் பிரியாத இழையில் மனிதர் பொருள் காண்பது இரு நிலத்திற்கும் பொதுவாகும்.

அன்பும் அதிகாரமும்

அயர்லாந்தின் கால்வே நகரை அடுத்த கிளாடா என்னும் மீனவர் குடியிருப்பின் பெயரால் வழங்கும் மோதிரத்தில், இரு கைகள் ஓர் இதயத்தை ஏந்த, மேலே முடி அமைந்திருக்கும். கைகள் நட்பையும், இதயம் அன்பையும், முடி உண்மையையும் குறிக்கும் என்பர். வலக்கையில் இதயத்தின் முனை விரல் நுனியை நோக்கினால் அணிந்தவர் துணை தேடுபவர். மணிக்கட்டை நோக்கினால் உள்ளம் ஓரிடத்தில் நிலைத்தவர். இடக்கையில் மணிக்கட்டை நோக்கினால் மணமானவர்.

சாந்தோம் பேராலயத்தைத் தலைமை ஆலயமாகக் கொண்ட பேராயர் அணியும் மோதிரமும் ஒரு பிணைப்பைச் சொல்வதே. அது திருச்சபைக்குக் காட்டும் உண்மையின் அடையாளம். போப்பாண்டவர் மறைந்தால் அவர்தம் மீனவர் மோதிரத்தைச் சிதைத்துவிடுவர். பதவி முடிந்தபின் முத்திரை பிறர் கையில் பேசலாகாது என்னும் எச்சரிக்கை அதில் உண்டு.

தேர்வு

தியாகராய நகரின் உஸ்மான் சாலையில் மணமகனுக்கு மோதிரம் எடுக்க வருவோர் முதலில் கேட்பது எத்தனை கிராம் என்பதே. எடையும் மாற்றும் அறிய வேண்டியனவே. 916 முத்திரை 22 காரட் பொன்னைக் குறிக்கும். 2021 முதல் நகைகளில் ஆறு எழுத்தெண்கள் கொண்ட தனிக்குறியீடும் இடம்பெறுகிறது. ஆயின் அக்குறியீடு பொன்னின் தூய்மைக்கே சான்று. அணிபவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது வடிவம்.

பெயர் பொறிக்க விரும்புவோர்க்கு அகன்ற தட்டை முகம் வேண்டும். முடிச்சு வேலைப்பாட்டை விரும்புவோர் இடுக்குகளில் அழுக்கு சேரும் என்பதை அறிந்து எடுத்தல் நன்று. அகன்ற வளையம் விரலை இறுக்கும்; சென்னைக் கோடையில் விரல் சற்றுப் பருக்கும். ஆதலின் மாலையில் அளவெடுப்பதே பொருந்தும்.

இவற்றினும் பெரிதொன்று உண்டு. பாட்டனாரின் நெளி மோதிரத்தைப் பழைய பொன்னாகக் கொடுத்துப் புதியது வாங்கும் வழக்கம் பெருகிவிட்டது. உருக்கியபின் பொன் எஞ்சும். நெளிவின் தேய்மானமும், உட்புறத்தில் வெட்டிய தலைப்பெழுத்தும் எஞ்சா. கரூர் மணலில் நூற்றாண்டுகள் கிடந்தும் அழியாத பெயர், உலையில் ஒரு நொடியில் அழிந்துவிடும். புதிய மோதிரத்தைத் தேர்வதற்கு முன், பழையதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தல் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.