சேலத்துச் சட்டமும் நரம்பின் கணக்கும்

கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த பேளுக்குறிச்சியின் மளிகைச் சந்தையை அறியாத குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் என ஓராண்டுக்கு வேண்டியதை ஒரே நடையில் வாங்கிச் செல்வோர் உண்டு. நாமக்கல் மாவட்டம் 1997இல் தனியே செயல்படத் தொடங்கும் வரை இவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே 1937ஆம் ஆண்டின் வரலாறு இதற்கும் உரியது.

அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளன்று, சென்னை மாகாண அரசின் தலைமைப் பொறுப்பிலிருந்த இராஜாஜி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைக்குக் கொணர்ந்தார். மாகாணத்தில் முதன்முதலாகக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் சட்டத்தால் மூடப்பட்ட மாவட்டம் இதுவே. இஃது ஓரிரவில் எழுந்த எண்ணமன்று. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் நிறுவி, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழையும் அங்கிருந்து நடத்தியவர் அவர். கல்கி அதன் துணையாசிரியராக இருந்தார். கள்வரி இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. பிற்காலத்தில் வரி நிலைத்தது, விலக்குத்தான் நிலைக்கவில்லை! 1948இல் மாகாணம் முழுமைக்கும் பரவிய சட்டம் 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் அரசின் வாணிபக் கழகமே சில்லறைக் கடைகளை நடத்தி வருகிறது.

அன்றைய மேடைகளில் குடியால் அழியும் கூலியும் குடும்பமுமே பெரிதும் பேசப்பட்டன. மூளைக்கும் நரம்புக்கும் நேரும் கேடோ அதற்கு நெடுங்காலம் முன்பே ஏட்டில் ஏறியிருந்தது. அரபியில் மதுவைக் குறிக்கும் 'கம்ர்' என்னும் சொல்லின் வேர், மூடுதல் என்னும் பொருளது. பெண்டிர் தலையை மூடும் 'கிமார்' அதே வேரினின்று பிறந்த சொல். அறிவை மூடுவதெல்லாம் கம்ரே என உமர் (ரலி) அவர்கள் விளக்கமளித்தார்கள். 'அல்கானூன்' இயற்றிய இப்னு ஸீனா, ஓயாத போதை ஈரலையும் மூளையையும் கெடுத்து, நரம்பைத் தளர்த்தி, திடீர் மரணத்தையும் வருவிக்கும் என எச்சரித்தார். அவர் மறைந்தது 1037இல். சேலத்துச் சட்டத்துக்குச் சரியாக 900 ஆண்டுகள் முன்பு.

மூடுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை இன்றைய மருத்துவம் விளக்குகிறது. மூளையில் செய்திகளைத் தூண்டும் இரசாயனமும் உண்டு, அடக்கும் இரசாயனமும் உண்டு. முன்னது குளூட்டமேட், பின்னது காபா. மது அடக்குவதற்கு வலுவூட்டித் தூண்டுவதைத் தடுக்கிறது. சிறுமூளை மயங்குவதால் நடை தள்ளாடுகிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவனின் மூளை இந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கத் தன் தூண்டுதலைப் பெருக்கிக்கொள்கிறது. குடியைச் சட்டென நிறுத்தினால் அழுத்தம் விலகுகிறது, பெருகிய தூண்டுதலோ அப்படியே எஞ்சுகிறது. கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பம், இல்லாததைக் காணுதல் எல்லாம் அதன் விளைவே. மருத்துவம் இன்றேல் உயிருக்கே ஆபத்து.

இதை நாம் அறிந்திருக்க வேண்டிய காலத்தில் அறிந்திருக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார், குடியை மறக்கச் செய்வதற்காக மகனை அறையில் பூட்டி வைத்தனர். மூன்றாம் இரவு அவன் சுவரெங்கும் எறும்பு ஊர்வதாக அலறினான். ஜின் தீண்டிற்று என்று கருதி, ஓதிப் பார்க்க நம்மை அழைத்தார்கள். ஊரறிந்தால் மானம் போகும் என்று மருத்துவரை அழைக்கவில்லை. நாமும் ஓதிவிட்டு வீடு திரும்பினோம். விடியுமுன் அவனுக்கு வலிப்புக் கண்டது. அதன் பின்னரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள், பிழைத்தான். "ஓதுங்கள், ஆனால் முதலில் இங்கே கொண்டுவந்துவிட்டு ஓதுங்கள்" என்று மருத்துவர் நம்மிடம் சொன்னபோது நமக்குத் தலை நிமிரவில்லை.

குடி நீடித்தவர்க்கு வேறொரு கேடும் உண்டு. உணவு குறைந்து, உண்டதிலுள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் குடலில் ஏறாமற்போகிறது. கண் அசைவு கெட்டு, நடை குலைந்து, சிந்தை கலங்கும் இந்நோயை 1881இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கி. காலத்தே தயமின் ஊசி போட்டால் பெரிதும் மீளலாம். தவறினால் நினைவாற்றலே நிலையாகப் போய்விடும்.

கள்ளச்சாராயத்தின் கதை இன்னும் கொடியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. உயிர் தப்பியவர்க்கும் கண் தப்புவது உறுதியில்லை.

சென்ற முறை பேளுக்குறிச்சிக்குச் சென்றிருந்தபோது, மிளகு நிறுத்துக் கொடுத்த முதியவர் ஒருவர் ஒரு காலில் மட்டும் செருப்புடன் நின்றார். மற்றது எங்கே என்று வினவினோம். குனிந்து பார்த்த பிறகே அது கழன்றதை அறிந்தார். குடியை விட்டுப் பத்தாண்டு ஆயிற்றாம். பாதத்தின் உணர்வு மட்டும் திரும்பவில்லை என்றார். செருப்பு இரண்டு கடை தள்ளிக் கிடந்தது. நாமே சென்று எடுத்து வந்து கொடுத்தோம்.