கற்பிட்டிக் கரையும் கட்டாய வெளியேற்றமும்

புத்தளக் கரைக்குக் கடல்வழியே வந்திறங்கிய வணிகரும் மீனவரும் பலர். 1990 ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் மன்னார்த் தீவிலிருந்து தோணிகளிற் கற்பிட்டி சேர்ந்த முஸ்லிம் மக்களோ தாமாக வந்தவரல்லர். வட மாகாண முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேறப் பணித்தனர். ஒற்றோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாண நகரில் அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே.

இதனை இடப்பெயர்வு என எழுதுவாருளர். தானே எழுந்து செல்வதற்கும் துப்பாக்கிமுன் எழுந்து செல்வதற்கும் ஒரே சொல் பொருந்துமா? 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 14 ஆம் உறுப்புரையில், விரும்பிய இடத்தில் வதியும் சுதந்திரத்தைக் குடிமகன் ஒவ்வொருவர்க்கும் வழங்குகின்றது. ஆயின் அவ்வுரிமை மீறப்படின் உயர் நீதிமன்றில் முறையிடுவது ஆட்சித்துறையின் செயலுக்கு எதிராகவே. ஆயுதமேந்திய இயக்கமொன்றின் கட்டளைக்கு எதிராக அக்கதவு திறக்கவில்லை.

சிலர்மீது கொண்ட ஐயத்திற்காக ஒரு சமூகமே தண்டம் இறுப்பது எந்நீதிக்கும் ஒவ்வாது. உரிமை கோரிய இயக்கமே அதனைச் செய்தமை தமிழர் வரலாற்றில் மறைக்கற்பாலதன்று. 2002 ஏப்பிரலில் கிளிநொச்சியில் இயக்கத்தினர் வருத்தந் தெரிவித்தனர். அதற்குள் புத்தளத்து ஓலைக் குடிசைகளிற் பிறந்த பிள்ளைகள் பள்ளி செல்லும் வயதினராயிருந்தனர்; பெற்றோரின் ஊரை அவர்கள் சொல்லக் கேட்டே அறிந்திருந்தனர்.