கிள்ளான் காய்ச்சலும் கொசுவின் காலும்

1901 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளான் மாவட்டப் பொறுப்பை ஏற்றபோது, முறைக்காய்ச்சல் ஊரை வாட்டிக்கொண்டிருந்தது. அவ்வாண்டே திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகமும், இன்றைய கிள்ளான் துறைமுகம், அதற்குத் தப்பவில்லை. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டு அப்பொழுது நான்காண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார், காட்டை வெட்டுவித்தார். நோய் இரண்டே ஆண்டுகளில் பெரிதும் தணிந்தது.

அதே முறை குன்றுப்புறத் தோட்டங்களில் பலிக்கவில்லை. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் பெருகிற்று! காரணம் கொசுவின் இனம். கடலோரச் சமவெளியில் நோய் பரப்பிய அம்புரோசஸ், காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகுவது. நிழல் நீங்கினால் அதுவும் நீங்கும். குன்றுகளில் நோய் பரப்பிய மாக்குலேட்டஸோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரை நாடுவது. அதற்குக் காடு வெட்டுவது தொட்டில் கட்டிக் கொடுத்தது போலாயிற்று. அங்கே ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் மறைக்கவும், எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. இந்த வேறுபாடு விளங்குமுன் தோட்ட லயங்களில் மாண்டவருள் மிகப் பலர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வாட்சனின் பெயர் ஏடுகளில் நின்றது. அவர்களுடைய பெயர்கள் நிற்கவில்லை.

சிறகுப் புள்ளியையும் கால் வளையத்தையும் நுண்நோக்கியில் பார்த்தே அந்நாளில் இனம் பிரித்தனர். ஆயின் கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவன பல இனங்களாகவும் இருத்தல் கூடும். மாக்குலேட்டஸே ஓரினமன்று, ஓர் இனக்கூட்டம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இங்கேதான் டி.என்.ஏ. துணைக்கு வந்தது.

பூச்சியிலிருந்து அதனைப் பிரிக்கப் பழைய முறையில் பீனாலும் குளோரோபாரமும் தேவை. நஞ்சும் உண்டு, நேரச் செலவும் உண்டு. 1991 இல் வெளியான செலெக்ஸ் முறையோ மிக எளிது. கொசுவின் ஒரு காலை நசுக்கி, பிசின் மணிகள் கலந்த நீரில் கொதிக்க வைத்தால் போதும். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் இயங்க உலோக அயனிகள் வேண்டும். அவற்றை மணிகள் பற்றிக்கொள்கின்றன. 2000 இல் வந்த மற்றொரு முறைக்குப் பிசினும் வேண்டா. நீர்த்த எரிசோடாவில் சூடாக்கிப் பின் காரத்தை ஆற்றுவதே வேலை. இவ்வாறு பெற்றது தூய்மையில் குறைந்தது, நெடுநாள் வைப்பதற்கும் ஏற்றதன்று; எனினும் இனமறியும் சோதனைக்கு அது போதும். எஞ்சிய உடல் கெடாது சான்றாக நிற்கும்.

மலேசியாவில் 2018 முதல் மனித மலேரியா உள்நாட்டில் தொற்றவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி மலேரியா மட்டும் நீடிக்கிறது. பகாங்கின் கோல லிப்பிஸில் அதனைப் பரப்புவதாகக் கண்ட கிராசென்ஸ் கொசு, முன்பு டைரஸ் இனத்தின் ஒரு வகையாகவே எண்ணப்பட்டது. 2005 இல்தான் தனிப்பெயர் பெற்றது.