பிறக்கிராசிமாரும் நம்மட சபைகளும்

கிழக்கில் வயது போனவர்கள் இன்னும் "சட்டத்தரணி" என்று சொல்வது குறைவு. "பிறக்கிராசி" என்பார்கள், "அப்புக்காத்து" என்பார்கள். உறுதி முடிக்கிறவர் "நொத்தாரிசு". ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் கரையிறங்கி நம்மட நாக்குக்குப் பழகிய சொற்கள் இவை. இளம் ஆசிரியர்களுக்கே இன்று இவற்றின் வேறுபாடு பிடிபடுவதில்லை. ஆனால் நம் பள்ளிவாசல், பாடசாலை, புலமைப்பரிசில் நிதி, அநாதை இல்லம் ஆகியவற்றின் நிர்வாக சபைகளில் எப்படிப்பட்ட சட்டக்காரர் இருந்தார் என்று தேடப் போனால், இந்த வேறுபாட்டில்தான் தொடங்க வேண்டிக் கிடக்கிறது.

பிறக்கிராசி சனத்துக்குக் கிட்ட இருந்தவர். வழக்காளி முதலில் போவது அவரிடம். கடதாசி தயாரிப்பது, மனு எழுதுவது, கட்சிக்காரன் சொல்லும் கதையில் சட்டத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிப்பது எல்லாம் அவர் வேலை. பலர் நொத்தாரிசும் கூட. ஊரின் காணிக் கதை முழுக்க அவர் அலுமாரியில் கிடக்கும். அப்புக்காத்து அப்படியல்ல. பிறக்கிராசி ஆயத்தம் செய்த வழக்கை நீதிபதியின் முன் எழுந்து பேசுகிறவர். ஊர்க்காரனுக்கு அவரை நேரே தெரியாது. பேர் மட்டும் தெரியும். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் இந்த இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கியது. அதற்குப் பிறகு எல்லாரும் சட்டத்தரணிகள்தான். சட்டம் ஒன்றாக்கினாலும் குணம் இரண்டாகத்தான் இன்னும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் சொல்ல வேண்டியவர் மர்ஹூம் மு. கா. சித்தி லெப்பை. தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்த காலத்தில் எங்களுக்கு அவர் "அசன்பே சரித்திரம்" எழுதிய நாவலாசிரியர், அவ்வளவுதான். 1885இல் அந்நாவல் வெளிவந்தது என்று பரீட்சைக்கு மனனம் செய்தோம். அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. 1838இல் கண்டியில் பிறந்த அவர் 1862இல் மாவட்ட நீதிமன்றப் பிறக்கிராசி. இரண்டு ஆண்டு கழித்து உயர் நீதிமன்றப் பிறக்கிராசி. கண்டி மாநகர சபையிலும் இருந்தார். 1882 டிசம்பரில் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கி, வருமானம் வந்துகொண்டிருந்த தொழிலைப் பின்னுக்குத் தள்ளிக் கல்விக்காக அலைந்தார்.

அந்த முயற்சியில் அவரோடு கூடியவர்களைப் பாருங்கள். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட அறபி பாஷா ஓர் இராணுவத் தளபதி. வாப்பிச்சி மரைக்கார் கட்டட ஒப்பந்தக்காரர். 1877இல் திறந்த கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். 1891இல் கொழும்பு முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறந்தது. பின்னாளில் அதுவே ஸாஹிராக் கல்லூரி. பேரும் மதிப்பும் தளபதியிடம், செங்கல்லும் காசும் மரைக்காரிடம், எழுத்தும் சட்டமும் பிறக்கிராசியிடம். சட்டம் படித்தவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இல்லாமல் இருந்திருந்தால் பள்ளிக்கூடம் எழும்பியிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், எழும்பியிருக்கும். ஆனால் சித்தி லெப்பை சபைக்குக் கொண்டுவந்தது சட்ட அறிவை மட்டுமல்ல. வழக்குக் கடதாசி எழுதி எழுதிப் பழகிய கை அது. ஒரு குறையைச் சொன்னால் அதற்கு என்ன பரிகாரம் வேண்டும் என்றும் அதே மூச்சில் சொல்லும். பிறக்கிராசியின் மனு எழுதும் பழக்கம் தலையங்கத்துக்குள் வந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

அப்புக்காத்து வகுப்பிலிருந்து வந்தவர் மு. கா. அப்துல் காதர். 1905 மே 2ஆம் திகதி துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் எழுந்தபோது, பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் லெயாட் அதைக் கழற்றச் சொன்னார். அவர் கழற்றவில்லை, மன்றை விட்டு வெளியேறினார். இந்தக் கதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவதுதான். சொல்லப்படாத பகுதி, அதற்குப் பிறகு நடந்த சபை வேலை. தொப்பிக்காக ஒரு குழு அமைந்தது. விண்ணப்பங்கள் போயின. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் திடலில் பெருங்கூட்டம் கூடியது. அதற்குப் பேச வந்த மௌலவி றபீயுத்தீன் அஹ்மத் ஒரு பாரிஸ்டர். லண்டனில் இருந்த காலத்தில் விக்டோரியா மகாராணியின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவர். அக்குழுவை முன்னின்று நடத்திய ஐ. எல். எம். அப்துல் அஸீஸோ வழக்காட வந்தவரல்ல, பத்திரிகைக்காரர். மன்றில் நின்ற அப்புக்காத்து, வெளியில் நின்ற பத்திரிகைக்காரர், கடல் கடந்து வந்த பாரிஸ்டர் என்று மூவரும் சேர்ந்தபோதுதான் தொப்பிக்கு அனுமதி கிடைத்தது. தனி வீரம் மட்டும் போதாது என்பதால்தான் சமூகத்துக்குச் சபை என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

வக்புக்கு வருவோம். இந்தியாவில் 1894இல் பிரிவுக் கவுன்சில் ஒரு தீர்ப்பு வழங்கியது. தன் பிள்ளைகுட்டிகளுக்காகச் செய்து, கடைசியில் ஏழைகளுக்குப் போகும் என்று வைத்த வக்பு செல்லாது என்பது அதன் சாரம். கல்கத்தா நீதிமன்றத்தில் இருந்த சையித் அமீர் அலி அதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு வழக்கில் மாறான கருத்தை எழுதியிருந்தார். அவருடைய கருத்து அப்போது தோற்றது. பம்பாய் பாரிஸ்டர் முஹம்மத் அலி ஜின்னா சட்டசபையில் கொண்டுவந்த மசோதா 1913இல் சட்டமாகி அதை மீட்டது. ஒருவர் நீதிபதி நாற்காலியிலிருந்து எழுதியதை இன்னொருவர் சட்டசபையில் முடித்துவைக்க இருபத்தொரு ஆண்டு எடுத்தது.

இலங்கையில் இந்த வேலைக்கு உரியவர் நீதியரசர் எம். ரி. அக்பர். மலாய்க் குடும்பத்தவர். புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் போனார்; போனது பொறியியல் படிக்க, திரும்பியது சட்டம் படித்து. சொலிசிட்டர் ஜெனரலாக இருந்து, பின் உயர் நீதிமன்ற நீதியரசரானார். பேராதனையில் பொறியியல் மாணவர் தங்கும் அக்பர்-நெல் விடுதி இன்றும் அவர் பேரைச் சுமக்கிறது. 1929இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துப் பதிவுச் சட்டமும், 1931இன் 10ஆம் இலக்க உரித்துடைமை, வக்புச் சட்டமும் உருவான காலம் அவருடைய காலம். 1806இல் கொழும்புத் தலைவர்கள் ஒப்புக்கொண்ட பழைய முகம்மதியச் சட்டக் கோவையை வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டைத் தாண்ட முடியாது என்று கண்ட தலைமுறை அது. பிறகு 1956இன் 51ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பள்ளிவாசல்கள் பதிவாக வேண்டும், நம்பிக்கையாளருக்கு இன்ன கடமை என்று எழுத்தில் வந்தது. 1982இல் வக்பு நியாய சபையும் சேர்ந்தது.

இதெல்லாம் கொழும்புக் கதை. மட்டக்களப்புப் பக்கம் வேறு. இங்கே பள்ளிவாசல் சபை என்பது குடிகளின் சபை. தாய்வழிக் குடி ஒவ்வொன்றுக்கும் ஒரு மரைக்கார். அந்த மரைக்கார்மார் கூடினால் சபை. காணி, மாடு, வயல், வயது, குடியின் பெருமை ஆகியவைதான் தகுதி. படித்த சட்டக்காரனுக்கு அதில் தனி இடம் கிடையாது. குடிக்குள் பிறந்திருந்தால், குடி விரும்பினால் வரலாம். 1956இன் சட்டம் வந்து "நம்பிக்கையாளர்" என்ற புதுப் பேரைக் கொடுத்தபோதும் பல ஊர்களில் பழைய மரைக்காரே புதுப் பேரோடு இருந்தார். இதைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. குடி முறையில் ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் கேட்கும் ஆள் ஒருவர் இருந்தார். ஒரு குடி மற்றக் குடியின் கணக்கைப் பார்த்துக்கொண்டேயிருந்தது. குறை வேறு இடத்தில். கணக்கு எல்லாம் வாயில்தான், கடதாசியில் இல்லை.

கடதாசியின் அருமையை இங்கே உணர வைத்த ஒருவர் 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ். அவர் சட்டத்தரணியல்ல, சிவில் சேவை உத்தியோகத்தர். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறக்கிராசியாகவும் காதியாகவும் இருந்த எஸ். எம். அபூபக்கரின் மகன். கல்முனையில் பிள்ளைகளின் படிப்பு நிலையைக் கண்ட அவர் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். நிதி என்றால் தருமம் என்றுதான் அதுவரை விளக்கம். தருமம் கொடுத்தவரோடு மௌத்தாகிவிடும். விதிகளும் சபையும் உள்ள நிதி ஆளுக்குப் பிறகும் நிற்கும். இந்த வேறுபாட்டை அவர் வாப்பாவின் வீட்டில் படித்தாரா, கச்சேரியில் படித்தாரா என்பது வேறு கதை.

அந்த நிதியில் படித்தவர்கள் காலத்துக்குப் பின் கிழக்கிலிருந்தே சட்டத்தரணிகள் நிறைய வந்தார்கள். மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்களில் பெரிய பேர். அதன் பின் ஊர்ச் சபைகளில் சட்டத்தரணிக்கு ஒரு கதிரை என்பது வழக்கமாகிவிட்டது. "ஒரு லோயர் இருந்தாக் காணும் சேர், மிச்சத்த நாம பாத்துக்குவம்" என்று ஒரு பள்ளிவாசல் பெரியவர் என்னிடம் சொன்னார். எந்த லோயர் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை.

குற்ற வழக்குப் பேசுகிறவருக்கு எதிர்த்தரப்புச் சாட்சியை மடக்கத் தெரியும். ஐந்து வருடக் கணக்குப் புத்தகத்தை வாசிக்கும் பொறுமை இருக்க வேண்டும் என்றில்லை. அரச சட்டத்தரணியாக இருந்தவர் எதையும் சுற்றுநிருபத்துக்குள் வைத்துப் பார்ப்பார். அரசியலுக்குப் போகும் எண்ணமுள்ளவர் சபைத் தீர்மானத்தை வாக்காக எண்ணுவார். எல்லாரும் ஒரே அங்கிதான் போடுகிறார்கள். 2009இல் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தத்துக்கு நீதியரசர் சலீம் மர்சூபின் தலைமையில் குழு அமைந்தது. நீதிபதிகள், ஜனாதிபதி சட்டத்தரணிகள், உலமாக்கள், பெண் சட்டத்தரணிகள் எல்லாரும் இருந்தார்கள். 2018 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டபோது அது இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் மர்சூப், மறு பக்கம் ஜனாதிபதி சட்டத்தரணி பாயிஸ் முஸ்தபா. இருவரும் சட்டத்தின் உச்சியில் இருந்தவர்கள்தான். "லோயர் ஒருத்தர் இருந்தாக் காணும்" என்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நீதியரசர் பஷீர் அஹ்மத் சயீத் இன்னொரு வகை. சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். அவர் முன்னின்ற தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளை 1955இல் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கியது. நீதியரசர் மு. மு. இஸ்மாயில் பிரதம நீதியரசராக உயர்ந்தவர். கம்பன் கழகத்துக்குத் தலைவராகவும் இருந்தார். நம் இதழின் வாசகர் சிலருக்கு அது நெருடும். தமிழ் படித்த எனக்குப் பெருமைதான்.

இதைக் கதிரவெளியிலிருந்து எழுதுகிறேன். வடக்கே வெருகல் தாண்டினால் மூதூர், தெற்கே வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணி கடந்தால் ஓட்டமாவடி. 2004இல் கடல் வந்தது. 2006 நவம்பரில் இங்கே பாடசாலையில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் செல் விழுந்தது. தமிழரும் முஸ்லிம்களும் இந்த வீதி நெடுக வெவ்வேறு வருடங்களில் ஓடியிருக்கிறார்கள். ஓடும்போது உறுதியை எடுத்தவர்கள் உண்டு, விட்டவர்கள் உண்டு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி பத்து வருடம் தடையில்லாமல் ஒருவர் காணியை ஆண்டால் அது அவருக்குச் சேரலாம். ஓடியவனின் வயலில் மற்றவன் பத்து வருடம் விதைத்தால் என்ன கதி? 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயலால் தன் உரிமையைத் தேட முடியாமல் போனவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக் கூடாது. இந்தச் சட்டத்தைப் பற்றி எத்தனை பள்ளிவாசல் சபைகள் ஊருக்குச் சொல்லின? வெள்ளிக்கிழமை அறிவித்தலில் ஐந்து நிமிடம் போதும். சட்டத்தரணி உள்ள சபைகளைத்தான் கேட்கிறேன்.

தமிழ் ஆசிரியன் என்பதால் பழைய உறுதிகளை வாசித்துத் தரும்படி ஆட்கள் என்னிடம் வருவதுண்டு. கையெழுத்து உறுதிகள், அவணமும் மரைக்காலும் வித்துப்பாடாகச் சொல்லப்பட்டவை, கிழக்கெல்லை புளியமரம், மேற்கெல்லை ஓடை. மரம் இன்று இல்லை, ஓடை இடம் மாறிவிட்டது. அதைத் தீர்க்கத் தமிழறிவு போதாது. பழைய பிறக்கிராசி-நொத்தாரிசு மாதிரி ஒருவர் வேண்டும். இன்னொன்றும் கண்டேன். வீட்டு உறுதிகளில் பெரும்பாலானவை பெண்களின் பேரில் இருக்கின்றன. மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுப்பது நம் வழமை, ஆகவே அதில் அதிசயமில்லை. உறுதியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறவர்களும் உம்மாமார்தான். இதே பெண்களின் மகள்மார் இப்போது சட்டக் கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். அவர்களில் ஒருவரைக் காணிப் பத்திரங்களைப் பார்க்கும் உபகுழுவிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சென்ற வருடம் ஒரு சபைக்குக் கடிதம் கொடுத்தேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுப்போம் என்றார்கள். பொதுக்கூட்டம் நோன்புக்குப் பிறகு.