மூன்றாம் வேற்றுமையில் ஒரு முனைவர் பட்டம்

1960களின் தொடக்கத்தில் பிரிட்டன் மருத்துவமனைகளில் ஒரு கதவுப் பிரச்சினை இருந்தது. தாழ்வாரங்களில் புகைத் தடுப்புக் கதவுகள் போட்டிருந்தார்கள். தீப்பிடித்தால் புகை ஒரு வார்டிலிருந்து அடுத்த வார்டுக்குப் போகாமல் அவை தடுக்க வேண்டும். அதற்குக் கதவு எந்நேரமும் மூடியே இருக்கணும். ஆனால் ஸ்ட்ரெச்சரும் தள்ளுவண்டியும் ஓயாமல் போய்வருகிற வழி அது. ஊழியர்கள் எதையாவது முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்துவிடுவார்கள். சுற்றறிக்கை அனுப்பினால் போய்விடுகிற பழக்கமா இது?

இதைப் பற்றி யோசிக்க வந்தவர் பிரூஸ் ஆர்ச்சர். இயந்திரப் பொறியியல் படித்தவர். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் தொழில்துறை வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த மிஷா பிளாக் அவரை உள்ளே கொண்டுவந்தார். நஃபீல்டு அறக்கட்டளையின் பணத்தில் ஒரு சிறிய குழு. எடுத்துக்கொண்டவை நான்கு விஷயங்கள்: அழுக்கான கட்டுத்துணிகளைப் போடும் கலம், வார்டில் மருந்து மாற்றிக் கொடுப்பதைத் தடுக்கும் வழி, நல்ல கட்டில், அப்புறம் இந்தக் கதவு.

கதவுக்குக் கிடைத்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். திறந்த நிலையிலேயே கதவை ஒரு மின்காந்தம் பிடித்து வைத்திருக்கும். தீ எச்சரிக்கை வந்தால் விட்டுவிடும், கதவு தானாக மூடிக்கொள்ளும். மின்காந்தம் அதற்கு நூறு வருஷம் முன்பே இருந்தது. முட்டுக் கொடுத்தவர்கள் மேல் குற்றமில்லை, கதவைக் கேட்டவிதம்தான் தப்பு என்று பார்த்ததுதான் புதுசு.

ஆனால் முதல் அறிக்கைக்கு வரவேற்பு இல்லை. நிதி நின்றது. சில காலம் ஆர்ச்சர் காலையில் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார். (உதவித்தொகை ஆறு மாதம் தாமதமாக வரும் நம்மூர் ஆய்வு மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் மௌனமாகச் சிரித்துக்கொள்ளலாம்.) பிறகு கிங்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பின் ஆதரவில் கட்டில் வேலை பெரிதாக வளர்ந்தது. செவிலியர் எப்படிக் குனிகிறார்கள், நோயாளியை எப்படித் தூக்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, மாதிரி செய்து, வார்டில் போட்டுச் சோதித்தார்கள். உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அந்தக் கட்டில் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் வழக்கமான கட்டிலாகவே ஆகிப்போனது.

இப்போது என் கேள்வி. அந்தக் கட்டில் ஓர் ஆராய்ச்சி முடிவா, இல்லை வெறும் கட்டிலா?

ராயல் காலேஜுக்குத் தானே பட்டம் கொடுக்கும் உரிமை 1967இல்தான் கிடைத்தது. அடுத்த வருஷமே ஆர்ச்சர் அங்கே முனைவர் ஆனார். வேடிக்கை என்னவென்றால், அவர் கட்டிலைக் கொடுத்துப் பட்டம் வாங்கவில்லை. வடிவமைப்பு எப்படி நடக்கிறது என்பதன் தர்க்க அமைப்பை எழுதிக் கொடுத்து வாங்கினார். கையால் செய்தது ஒரு பக்கம், அதைப் பற்றி எழுதியது இன்னொரு பக்கம். பட்டம் இரண்டாவதுக்கு.

இந்தப் பிளவை நேராகத் தொட்டவர் அதே கல்லூரியின் கிறிஸ்டோபர் ஃபிரேலிங். 1993இல் வந்த ஒரு குட்டிக் கட்டுரை. கலை, வடிவமைப்பு ஆராய்ச்சியை மூன்றாகப் பிரித்தார். ஆங்கிலத்தில் மூன்று முன்னிடைச் சொற்களை வைத்துச் செய்த பிரிவு அது. அதைப் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். பள்ளியில் வேற்றுமை உருபு ஒப்பித்த நமக்கு இது சுலபம். டிசைனை ஆராய்வது ஒன்று: வரலாறு, கோட்பாடு எல்லாம் அதில் வரும். டிசைனால் ஆராய்வது இரண்டாவது: செய்து பார்ப்பதே ஆராயும் வழி. டிசைனுக்கு ஆராய்வது மூன்றாவது: அறிவு முழுக்கச் செய்த பொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், தனியாக வாக்கியம் இருக்காது. இந்தக் கடைசிதான் சிக்கலானது என்று ஃபிரேலிங்கே ஒத்துக்கொள்கிறார்.

நான் மூன்றாம் வேற்றுமைக்காரி, 'ஆல்' உருபு. அரசு மருத்துவமனையில் மாத்திரை போட்டுத் தரும் காகிதக் கவர்தான் என் ஆய்வு. எழுத்து தெரியாதவர்களும் எந்த வேளைக்கு எது என்று கண்டுபிடிக்கும்படி அதைச் செய்வது. மூன்று வருஷமாகக் கவர் செய்கிறேன். போன மதிப்பாய்வில் ஒரு பேராசிரியர் நிதானமாகக் கேட்டார்: "சரிம்மா, இதுல அறிவு எங்க இருக்கு? கவர்லயா, தீசிஸ்லயா?"

நியாயமான கேள்வி. என் பதில் ஒரு மடிப்பு. பாட்டிகள் கவரை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் போடுகிறார்கள். நடுவில் அச்சிட்ட சூரியனும் நிலாவும் மடிப்பில் தேய்ந்து இரண்டு நாளில் காணாமல் போகிறது. நேர்காணலில் ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லை. "கவரை என்ன பண்ணுவீங்க?" என்றால் "பத்திரமா வெச்சுக்குவேன்" என்பார்கள். அந்த 'பத்திரமா'வுக்குள் நாலு மடிப்பு இருக்கிறது என்பது கவர் போய்த் திரும்பி வந்ததால்தான் தெரிந்தது.

ஆர்ச்சரும் 1990களில் ஏறக்குறைய இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்: சில விஷயங்களைச் செய்துபார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும், ஆனால் எப்படித் தெரிந்தது என்பதைப் பிறர் சரிபார்க்கும்படி திறந்து வைக்காவிட்டால் அது ஆராய்ச்சி ஆகாது. கறாரான மனுஷன். நான் அவர் கட்சி.

எல்லாமே அறிவுத் தேடலால் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பாதி பணக்கதை. ஆர்ச்சரின் வடிவமைப்பு ஆராய்ச்சித் துறையையே 1980களின் நடுவில், புது ரெக்டர் வந்ததும் மூடிவிட்டார்கள். 1992இல் பிரிட்டனின் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்கள் ஆயின. ஆராய்ச்சியை எடைபோட்டு நிதி தரும் முறைக்குள் கலைக் கல்லூரி வாத்தியார்களும் வந்து விழுந்தார்கள். நேற்றுவரை பானை செய்தவர் இன்று 'ஆராய்ச்சி வெளியீடு' காட்டணும். செய்முறை முனைவர் பட்டம் அதற்குப் பிறகு பெருகியதில் ஆச்சரியமில்லை. ஜேம்ஸ் எல்கின்ஸ் போன்றவர்கள் கலைஞருக்கு எதற்கு இந்தப் பட்டம் என்று சந்தேகப்பட்டு எழுதியதிலும் ஆச்சரியமில்லை.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒரு சாதாரணச் சொம்பைப் பார்த்து, இதைச் செய்ய எத்தனை தலைமுறை எத்தனை விஷயம் யோசித்திருக்க வேண்டும் என்று வியந்த அறிக்கை அது. 1961இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அது டிப்ளமோ கொடுத்தது. பட்டம் கொடுக்கும் அதிகாரத்துக்கு 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. நடுவில் 53 வருஷம்.

எங்கள் பல்கலைக்கழக விதிப்படி ஆய்வேடு ஏ4 அளவில், கெட்டி அட்டை போட்டு, முதுகில் பெயர் பொறித்து வர வேண்டும். என்னிடம் 41 கவர்கள் இருக்கின்றன, பாதி மஞ்சள் கறையோடு. அவற்றை நூலகத்தில் எந்த அலமாரியில் வைப்பது என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். கோப்பு இப்போது துணைப் பதிவாளர் மேஜையில் இருக்கிறதாம்.